பூஞ்சை பிடித்த புண்ணாக்கும் கறவை மாடும்

கேள்வி: மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கை வெயிலில் காயவைத்துக் கறவை மாட்டுக்குக் கொடுக்கலாமா? பாலைக் காய்ச்சித்தானே குடிக்கிறோம்?
(திண்டிவனம் வாசகர்)

பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள். காயவைத்தால் பூஞ்சையின் வளர்ச்சி நிற்கலாம். ஆனால் அது ஏற்கெனவே உண்டாக்கிவிட்ட அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு புண்ணாக்கிலேயே தங்கிவிடும். 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் விளங்காமல் மடிந்தபோது, ஆய்வாளர்கள் தேடிக் கண்ட மூலகாரணம் பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைத் தீவனமே. அதில் வளர்ந்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சையின் பெயரிலிருந்தே நஞ்சின் பெயரும் பிறந்தது. மனிதரையும் அது விடவில்லை. 1974-இல் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் பழங்குடிக் கிராமங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்ட ஏழை மக்களில் நூறு பேருக்கு மேல் கல்லீரல் பாதித்து இறந்ததை எண்ணினால் இன்றும் மனம் கனக்கிறது.

மாடு தின்ற பி1 வகை நஞ்சின் ஒரு பகுதி, அதன் கல்லீரலில் எம்1 வகையாக மாறி, ஒரு நாளுக்குள்ளாகவே பாலில் இறங்கத் தொடங்கும். காய்ச்சினாலும் அது அழியாது. தயிரிலும் பாலாடைக்கட்டியிலும்கூட நீடிக்கும். பாலையே நம்பியிருக்கும் குழந்தைகளை எண்ணித்தான் இந்தியாவில் ஒரு கிலோ பாலுக்கு 0.5 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு அதில் பத்தில் ஒரு பங்குதான்.

கெட்ட தீவனத்தை நிறுத்தினால் சில நாட்களில் பாலில் நஞ்சு வெகுவாகக் குறைந்துவிடும். இனி வாங்கும் புண்ணாக்கைத் தரையில் அடுக்காமல், மரச்சட்டத்தின் மேல், சுவரில் படாதபடி வையுங்கள்.