பால் கொட்டகைக் கணக்கும் ஃபிளஷ் டிராவும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஞாயிறு மாலை ஒட்டுக்கடையில் டெக்சஸ் ஹோல்டெம் என்ற போக்கர் சீட்டாட்டம் ஆடும் பிள்ளைகள் கேட்டவை. ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவராக இருந்து ஓய்வு பெற்ற நான் சொன்னவை. ஆட்டம் ரப்பர் கொட்டைக்கு மட்டும். வெள்ளி (ரிங்கிட்) வைத்தால் 1953-ஆம் ஆண்டுச் சூதாட்ட விடுதிச் சட்டம் தேடி வரும்.

அண்ணே, கையில் ஹார்ட் ஏஸும் ஹார்ட் 7-உம். ஃபிளாப்பில், அதாவது மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டில், இரண்டு ஹார்ட். நடுவில் 100 கொட்டை, ஜோடி வைத்திருப்பவர் 50 போடுகிறார். நானும் 50 போட்டுக் கால் பண்ணலாமா?

எண்ணிப் பார் தம்பி. 13 ஹார்ட்டில் 4 தெரிந்துவிட்டது, மிச்சம் 9. பார்க்காத சீட்டு 47. அடுத்த சீட்டில் ஃபிளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) விழ 19 விழுக்காடு. ரிவர் என்ற கடைசிப் பொதுச் சீட்டுவரை இரண்டு சீட்டும் பார்த்தால் 35. நீ 50 போட்டு 200-க்கு ஆடுகிறாய், கால்வாசி வாய்ப்பாவது வேண்டும். அந்த 50-ஓடு அவர் கொட்டை தீர்ந்து ஆல்-இன் என்றால் 35 தாராளம். கொட்டை மிச்சமிருந்தால் டர்ன் என்ற நான்காவது சீட்டில் மறுபடி கேட்பார். ரப்பர் பால் கொட்டகையில் வாளி எடையைப் பார்த்துக் கூலி எழுத மாட்டோம், காய்ந்த ரப்பர் எவ்வளவு என்றுதான் பார்ப்போம். அந்த 35-இலும் தண்ணீர் கலந்திருக்கிறது. இப்போது கையில் இருப்பது 19 தான், கட்டாது. ஃபிளஷ் விழுந்தபின் இன்னும் 60-க்கு மேல் கறக்க முடியுமென்றால் கால் பண்ணு. மூன்றாவது ஹார்ட்டைக் கண்டதும் சுருண்டுகொள்ளும் ஆள் என்றால் விட்டுவிடு.

மாமா, ஏஸ் ஜோடி வைத்து ஆடினாலும் ஃபிளஷ் அடித்துவிடுகிறார்கள்.

நடுவில் 100 இருக்க, 20 தானே போட்டாய்? பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். 20 போட்டு 140-க்கு ஆட 14 விழுக்காடு போதும், அவனிடம் 19 இருக்கிறது. இலை போட்டு நீயே கூப்பிட்டுவிட்டு, வந்து சாப்பிட்டான் என்று அழுகிறாய். 70 போடு, அவனுக்குக் கட்டாது. அப்புறமும் ஐந்தில் ஒரு தடவை அடிப்பான், வயிறு எரியத்தான் செய்யும்.

5, 6, 8, 9 இருக்கிறது. ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து எண்) ஆக 7-க்குக் காத்திருக்கலாமா?

47-இல் 4 சீட்டு. சும்மா கிடைத்தால் பார். கொட்டை கேட்டால் சீட்டைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடி.

ஃபிளஷ், இரு முனையிலும் சேரக்கூடிய இருபக்க ஸ்ட்ரெய்ட் இரண்டுக்கும் வாய்ப்பு இருந்தால்?

சரி, இது வேறு கதை. ஃபிளஷுக்கு 9-உம் ஸ்ட்ரெய்ட்டுக்கு 8-உம் சேர்த்து 17, இரண்டிலும் வரும் 2-ஐக் கழித்தால் 15 சீட்டு. ரிவர்வரை 54 விழுக்காடு. வெறும் ஜோடிக்காரர்தான் வாய்ப்பில் பின்னால் நிற்கிறார். நீயே கூட்டிப் போட்டு ரைஸ் பண்ணு, அவர் சீட்டை மடக்கினாலும் லாபம். ஆனால் அவரிடம் ஒரே எண்ணில் மூன்று இருந்து, மேசையிலும் ஜோடி விழுந்தால் ஃபிளஷை அடிக்கும் ஃபுல் ஹவுஸ் (மூன்றும் ஒரு ஜோடியும்). போன வாரம் என் 80 கொட்டை அப்படித்தான் போனது. ஃபிளஷ் அடித்த சந்தோஷத்தில் நான் மேசையைப் பார்க்கவே இல்லை.