வண்டிக்குள்ளேயே காற்று: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (ஈசூன் வாசகர்): என்னிடம் சுசுகி ஜிம்னி வண்டி இருக்கிறது. இரண்டு மாதங்களுக்கு ஒருமுறையாவது நண்பர்களுடன் ஜோகூருக்குச் சென்று, கோத்தா திங்கி, மெர்சிங் வட்டாரங்களில் உள்ள செம்பனைத் தோட்டப் பாதைகளிலும் மணற்பாங்கான இடங்களிலும் ஓட்டுகிறேன். பாதையில் இறங்குமுன் டயர்களின் காற்றைக் குறைத்துவிடுகிறேன். வெளியே வந்தபின், மீண்டும் காற்றடிக்க நண்பருடைய கம்பிரசருக்காக (காற்றடிக்கும் கருவி) காத்திருக்கிறேன். எனக்கென்று ஒன்றை வண்டியிலேயே நிரந்தரமாகப் பொருத்த விரும்புகிறேன். பட்டறையில் சொன்ன விலை கைக்கு எட்டவில்லை. மொத்தம் 300 சிங்கப்பூர் வெள்ளிக்குள் முடிக்க இயலுமா? காற்றுத் தொட்டி அவசியமா? கம்பிரசரை எங்கே பொருத்தலாம்?

பதில்: இயலும். முதலில் ஒரு சிறு கணக்கைப் போட்டுவிடுவோம். அதைப் போடாமல் கடைக்குப் போகிறவர்கள்தாம் தேவைக்கு மிஞ்சிய கம்பிரசரை வாங்கிவிட்டு, கம்பிக்கும் குழாய்க்கும் காசில்லாமல் திண்டாடுகிறார்கள்.

ஜிம்னியின் 195/80 ஆர்15 டயர் ஒன்றின் உள்ளளவு ஏறத்தாழ 40 லிட்டர். மணலுக்காக 16 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வரை இறக்கிய டயரைச் சாலைக்குரிய 26 பிஎஸ்ஐக்கு உயர்த்த வேண்டுமானால், 10 பிஎஸ்ஐ கூட வேண்டும். வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ என்பதால், டயர் ஒன்றுக்கு 27 லிட்டர், நான்குக்கும் சேர்த்து 110 லிட்டர் அளவுக்கு வெளிக்காற்றை உள்ளே தள்ளினால் போதும். பெட்டியின்மேல் நிமிடத்திற்கு 70 லிட்டர் என்று அச்சிட்டிருந்தால், அது பெரும்பாலும் எதிர்அழுத்தமே இல்லாத நிலையில் அளந்த எண். டயருக்குள் தள்ளும்போது அதில் பாதிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் கம்பிரசர் ஓடும் நேரம் மொத்தம் மூன்று நான்கு நிமிடங்கள்தாம். உங்கள் வண்டிக்கு ஒற்றைச் சிலிண்டர் கம்பிரசரே தாராளம். இதே வேலை 265/70 ஆர்17 டயர் போட்ட பெரிய வண்டிக்கு ஏறத்தாழ இருமடங்கு ஆகும். அவர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரையை நீங்கள் பின்பற்ற வேண்டியதில்லை.

தொட்டியைப் பற்றியும் இந்தக் கணக்கே பதில் சொல்லிவிடுகிறது. நான்கு லிட்டர் தொட்டியை 145 பிஎஸ்ஐ வரை நிரப்பி, பின்னர் அதை டயரின் அழுத்தம்வரை காலி செய்தாலும், கிடைப்பது 32 லிட்டர் காற்றுதான். அதாவது ஒரு டயருக்குச் சற்று மேல். அந்த 145 பிஎஸ்ஐக்கு ஏற்றுவதற்குக் கம்பிரசர் படும் பாடோ, டயரை நேராக நிரப்புவதைவிட மிக அதிகம். சிலிண்டர் தலை சூடேறுவதும் அப்போதுதான். காற்றில் இயங்கும் ஸ்பேனர் போன்ற கருவிகளை வைத்திருப்பவர்களுக்குத் தொட்டி தேவை. டயருக்கு மட்டும் என்றால் அந்தப் பணத்தைச் செம்புக் கம்பியில் போடுங்கள்.

மலிவான கம்பிரசர்கள் சீக்கிரம் கெட்டுவிடுவதாகப் பலரும் குறைப்படுகிறார்கள். நான் பிரித்துப் பார்த்தவற்றில் பெரும்பாலானவற்றில் மோட்டார் நன்றாகவே இருந்தது. அதற்குப் போதிய மின்சாரம்தான் போய்ச் சேரவில்லை. இவ்வகைக் கம்பிரசர் 25 முதல் 30 ஆம்பியர் வரை இழுக்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் பொதுவாக 10 முதல் 20 ஆம்பியர்வரைதான் இருக்கும் என்பதால் அங்கே செருகுவது பற்றிய பேச்சே வேண்டாம். பேட்டரியிலிருந்து தனிக் கம்பி இழுக்க வேண்டும். வண்டியின் பின்பகுதிவரை போகவர எட்டு மீட்டர் கம்பி என்று கொண்டால், 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 30 ஆம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 1.7 வோல்ட் வழியிலேயே வீணாகிவிடும். 10 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு 0.4 வோல்ட் மட்டுமே. என்னுடைய முதல் வண்டியில் மெல்லிய கம்பியைத்தான் நான் இழுத்திருந்தேன். மழை விட்ட ஒரு மாலையில், செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் மூன்றாவது டயரை நிரப்பிக்கொண்டிருந்தபோது, இருக்கைக்கு அடியிலிருந்து கருகிய வாடை வந்தது. கையை விட்டுப் பார்த்தால் கம்பியின் உறை இளகி, விரலில் பசைபோல் ஒட்டிக்கொண்டது. நான் போட்டிருந்த ஃபியூஸ் அப்போதும் போகவில்லை, ஏனெனில் அது அந்தக் கம்பிக்கு மிகப் பெரியது.

ஃபியூஸ் காப்பாற்றுவது கம்பிரசரை அல்ல, கம்பியை. ஆகவே 10 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு 40 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, அதைப் பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். ஃபியூஸுக்கு முன்னால் உள்ள கம்பிக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. அது எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அடுத்தது 40 ஆம்பியர் ரிலே, அதாவது சிறு சுவிட்சின் மின்சாரத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் கருவி. அதன் 30ஆம் முனையில் ஃபியூஸிலிருந்து வரும் கம்பி, 87ஆம் முனையில் கம்பிரசருக்குப் போகும் கம்பி, 86இல் சுவிட்ச், 85இல் தரைக் கம்பி. சுவிட்சுக்கான மின்சாரத்தைச் சாவி திருகினால் மட்டும் உயிர்பெறும் இணைப்பிலிருந்து 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக எடுங்கள். வண்டியைப் பூட்டிய பிறகு கம்பிரசர் தானாக ஓடும் ஆபத்து அப்போது இராது. எதிர்முனைக் கம்பியைப் பொறுத்தவரை ஒரு கவனம் வேண்டும்: பல புதிய வண்டிகளில் பேட்டரியின் எதிர்முனையில் மின்னோட்டத்தை அளக்கும் உணரி இருக்கிறது. அப்படி இருந்தால் உங்கள் கம்பியை முனையிலேயே மாட்டாமல், உணரியைத் தாண்டி, சட்டத்தில் உள்ள தரைப் புள்ளியில் இணையுங்கள்.

கம்பி, லக் (கம்பி முனையில் மாட்டும் உலோக இணைப்பு), ரிலே, ஃபியூஸ் பெட்டி ஆகியவற்றை ஜாலான் புசார் வட்டாரத்தில், சிம் லிம் டவர் கடைகளில் தேடிப் பாருங்கள். கம்பியை வாங்கும்போது முனையைச் சற்றுச் சீவிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்புப் பூச்சிட்ட அலுமினியமாக இருக்கக்கூடும். அதே பருமனில் அது செம்பளவுக்கு மின்சாரம் கடத்தாது. வெள்ளீயம் பூசிய செம்பும் வெளியே வெள்ளியாகத் தெரியும் என்பதால் கத்தியால் சுரண்டிப் பார்த்தே முடிவு செய்யுங்கள். உங்கள் 300 வெள்ளியில் பாதிக்கு மேல் கம்பிரசருக்கு ஒதுக்காதீர்கள்.

எங்கே பொருத்துவது? பானெட்டுக்குள் வைத்தால் கம்பி குட்டையாகும், ஆனால் அங்கே எஞ்சின் சூடும், ஆற்றைக் கடக்கும்போது தெறிக்கும் நீரும் இருக்கின்றன. நீர்க்காப்புச் செய்த விலையுயர்ந்த கம்பிரசர்கள் அதைத் தாங்கும். உங்கள் விலையில் கிடைப்பவை தாங்கா. பின்பகுதியில், சுவரோரமாக, காற்றோட்டம் இருக்கும்படி பொருத்துங்கள். ஓர் அலுமினியத் தகட்டில் கம்பிரசரை ரப்பர் தாங்கிகளோடு பூட்டி, அந்தத் தகட்டை ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகளில் மாட்டினால் வண்டியின் உடலில் புதிய துளை ஒன்றும் வேண்டியதில்லை. பின்கதவைத் திறந்து ஆறு மீட்டர் குழாயை நீட்டினால் முன்சக்கரங்களும் எட்டும். கம்பி எஞ்சின் பகுதியிலிருந்து உள்ளே நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம் இருக்க வேண்டும். தகட்டின் விளிம்பு உறையை அறுத்தால் அது நேரடி ஷார்ட்.

கம்பிரசரில் அழுத்த சுவிட்ச் (அழுத்தம் எல்லையைத் தொட்டதும் தானாக நிறுத்துவது) இல்லையென்றால், விசையை அழுத்தினால் மட்டும் காற்று விடும் துப்பாக்கி முனையை மாட்டாதீர்கள். விசையை விட்டவுடன் காற்றுக்குப் போக்கிடமின்றிக் குழாயில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். டயர் வால்வைக் கவ்விப் பிடிக்கும் திறந்த முனையே உங்களுக்கு ஏற்றது. எஞ்சினை ஓடவிட்டே நிரப்புங்கள். பெட்டியில் ஓடும் நேர விகிதம் (டியூட்டி சைக்கிள்) 33 சதவீதம் என்று போட்டிருந்தால் 10 நிமிடம் ஓடியபின் 20 நிமிட ஓய்வு தேவை என்று பொருள்; உங்கள் நான்கு டயர்களும் அதற்குள் அடங்கிவிடும்.

நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை மூன்றாகப் பிரித்திருக்கிறது: முன்அனுமதி தேவையற்றவை, முன்அனுமதி தேவையானவை, அறவே அனுமதிக்கப்படாதவை. வேலையைத் தொடங்குமுன் உங்கள் திட்டத்தைப் படத்துடன் ஆணையத்திடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுதிக் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். தனிக் கம்பி இழுப்பதில் கைப்பழக்கம் இல்லையென்றால், பொருள்களை நீங்களே வாங்கிக்கொண்டு மின்வேலையை மட்டும் ஊபி அல்லது காக்கி புக்கிட் பக்கத்துப் பட்டறை ஒன்றில் கொடுக்கலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஏதுமில்லை.

கேள்வி (ஜூரோங் வெஸ்ட் வாசகர்): என்னுடைய பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரில், கழற்றிய ஏர்கான் கம்பிரசர் ஒன்றை எஞ்சின் பெல்ட்டில் ஓடவிட்டுக் காற்றடிக்கலாம் என்கிறார் நண்பர். செலவு குறைவு என்றும் சொல்கிறார். உண்மையா?

பதில்: உங்கள் நண்பர் சொல்வது பழைய, நல்ல முறை. காற்று வெள்ளமாக வரும். எந்த மின்கம்பிரசரும் அதற்கு ஈடாகாது. ஆனால் எந்தக் கம்பிரசர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. யார்க் வகைக்குத் தனக்கென எண்ணெய்த் தொட்டி உண்டு என்பதால் அது காற்றடிக்கப் பொருத்தமானது. சாண்டென் 508 போன்றவற்றில் எண்ணெய் குளிர்வாயுவோடு சேர்ந்தே சுற்றுகிறது. வாயு இல்லாமல் காற்றை மட்டும் இழுத்தால் உள்ளே வறண்டு இறுகிவிடும். அதற்கு எண்ணெய் சொட்டும் கருவியும், வெளிவரும் காற்றிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் வடிகட்டியும் தேவை. இத்துடன் தாங்கி, பெல்ட், கப்பிகளை நேர்கோட்டில் அமைப்பது எல்லாவற்றையும் செய்து முடிக்கும்போது குறைந்த செலவு என்ற பேச்சு அடிபட்டுப் போகும். நம் ஊர் வெயிலில் ஓடும் ஏர்கானைத் துறந்துவிட்டு அதன் இடத்தில் இதைப் பொருத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கழற்றினாலும் குளிர்வாயுவைப் பட்டறையில் முறையாக உறிஞ்சி எடுக்கச் செய்யுங்கள், காற்றில் திறந்துவிடாதீர்கள்.

கேள்வி (உட்லண்ட்ஸ் வாசகி): கணவரும் நானும் சேர்ந்து கம்பிரசரைப் பொருத்தினோம். குழாய் இணைப்பில் மூன்று சுற்று டேப் சுற்றியும் காற்று கசிகிறது. குழாயும் ஒருமுறை கம்பிரசர் பக்கத்தில் உருகிவிட்டது. எங்கே தவறு?

பதில்: அம்மா, உங்கள் கம்பிரசர் அமெரிக்க வகையாக இருந்து, இணைப்பான் உள்ளூர் ஹார்டுவேர் கடையில் வாங்கியதாக இருந்தால், காரணம் மரையில்தான் (திருகு இழை) இருக்க வேண்டும். கால் அங்குல என்பிடி (அமெரிக்கத் தரம்) மரையில் அங்குலத்துக்கு 18 இழைகள். நம்மூரில் பரவலாகப் புழங்கும் பிஎஸ்பி (பிரிட்டிஷ் தரம்) மரையில் 19. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. முதல் இரண்டு சுற்று சுகமாக ஏறும், பின்னர் இறுகும், இறுகியதைக் கண்டு பொருந்திவிட்டது என்று நினைப்போம். எவ்வளவு டேப் சுற்றினாலும் அது நிற்காது. மேலும் இறுக்கினால் பித்தளை இழைதான் சிதையும். கழற்றி, என்பிடியிலிருந்து பிஎஸ்பிக்கு மாற்றும் இணைப்பான் ஒன்றை இடையில் போடுங்கள். பின்னர் சோப்பு நீரைத் தூரிகையால் பூசி, குமிழி எழுகிறதா என்று ஒவ்வொரு இணைப்பிலும் பாருங்கள்.

குழாய் உருகியதற்கு வேறு காரணம். சிலிண்டர் தலையிலிருந்து வரும் காற்று மிகுந்த சூடாக இருக்கும். முதல் அரை மீட்டருக்கு, எஃகு வலை பின்னிய டெஃப்லான் குழாயைப் போட்டு, அதற்குப் பிறகே சாதாரணக் குழாயை இணையுங்கள். முடித்ததும் முதல் பயணத்திற்கு முன் ஐந்து நிமிடம் ஓட்டி, ஒவ்வொரு லக்கையும் ஃபியூஸ் பிடியையும் கையால் தொட்டுப் பாருங்கள். எது கை வைக்க முடியாத அளவு சுடுகிறதோ, அதை மறுபடியும் கிரிம்ப் செய்யுங்கள் (கருவியால் அழுத்திக் கவ்வச் செய்யுங்கள்).