வாசகர் கேள்வி – பதில்: பயண முக்காலிக்கு எந்தப் பால்ஹெட்?

கேள்வி (வாசகி, குவாத்ர் போர்ன், மொரீஷியஸ்): மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். கார்பன் ஃபைபரில் செய்த பயண முக்காலி ஒன்றை அண்மையில் வாங்கினேன். மடித்தால் 40 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். கால்களின் எடை மட்டும் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். அதற்குப் பால்ஹெட் (முக்காலியின் மேல் கேமராவைத் தாங்கி, ஒரு பந்தின் உதவியால் எப்பக்கமும் சாய்க்கவிடும் தலை) தேடிக் கடைக்குப் போனபோது 200 கிராம் எடையுள்ள ஒன்றைக் காட்டி, இது 10 கிலோ தாங்கும் என்றார்கள். அருகிலிருந்த 380 கிராம் தலையின் பெட்டியிலும் ஏறக்குறைய அதே எண்தான் இருந்தது. என் கேமரா 500 கிராம், வழக்கமான லென்ஸ் 400 கிராம். எப்போதாவது 70-200 மில்லிமீட்டர் தொலைவு லென்ஸும் பயன்படுத்துவேன். கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலை விடியற்காலையில் படமெடுப்பதும், மாலையில் லெ மோர்ன் கடற்கரைக்குப் போவதும் என் விருப்பம். இரண்டில் எதை வாங்கலாம்?

பதில்: 380 கிராம் தலையை வாங்குங்கள். காரணத்தை விரிவாகச் சொல்கிறேன். ஏனெனில் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அந்தக் கிலோ கணக்கை நம்பித்தான் நம்மில் பலர் ஏமாந்திருக்கிறோம்.

ஒரு பால்ஹெட் இத்தனை கிலோ தாங்கும் என்று அறிவிப்பதற்கு எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட பொது அளவுமுறை எதுவும் இல்லை. கேமரா நேராக நிற்கும்போது அதன் எடை பந்தின் மையம் வழியாகக் கீழே இறங்கிவிடுகிறது. அந்த நிலையில் மிகச் சாதாரணத் தலைகூடப் பல கிலோவைச் சுமந்து நிற்கும். கேமராவைச் சாய்க்கும்போதுதான் தலைக்கு உண்மையான சோதனை தொடங்குகிறது. உங்கள் கேமராவும் லென்ஸும் சேர்ந்து 900 கிராம். அவற்றின் எடைமையம் பந்தின் மையத்திலிருந்து ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். செங்குத்துப் படத்துக்காகக் கேமராவைப் பக்கவாட்டுப் பள்ளத்தில் முழுவதும் சாய்த்தால், பந்தைப் புரட்டப் பார்க்கும் திருப்புவிசை ஏறத்தாழ 0.8 நியூட்டன் மீட்டர் ஆகிறது. அதை எதிர்த்து நிற்பது பந்துக்கும் அதைக் கவ்வும் வளையத்துக்கும் இடையிலான உராய்வு மட்டுமே. ஒரே அழுத்தத்தில் கவ்வினாலும், பெரிய பந்தின் மேற்பரப்பு மையத்திலிருந்து அதிகத் தொலைவில் இருப்பதால் அது கூடுதலாகத் தாங்கும். 28 மில்லிமீட்டர் பந்தைவிட 36 மில்லிமீட்டர் பந்து, இந்தக் கணக்கின்படி, ஏறத்தாழ 29 விழுக்காடு கூடுதல் பிடிப்புத் தரும். ஆகவே கடையில் கிலோவைக் கேட்காமல் பந்தின் விட்டத்தைக் கேளுங்கள். உங்கள் கருவிகளுக்கு 33 முதல் 36 மில்லிமீட்டர் வரை பொருத்தமாக இருக்கும்.

பந்தைப் பார்ப்பவர்களில் பலரும் அதன் மேலுள்ள கழுத்தைப் பார்ப்பதே இல்லை. பந்தையும் மேலே கேமராவைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்பையும் இணைக்கும் அந்தச் சிறு தண்டுதான், என் அனுபவத்தில், எடை குறைந்த தலைகளின் முதல் பலவீனம். ஓர் உருளைத் தண்டின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. கழுத்து 20 விழுக்காடு தடிமன் கூடினால் விறைப்பு இரண்டு மடங்காகிவிடும். 200 கிராம் தலையில் மிச்சப்படுத்திய எடையில் ஒரு பகுதி பெரும்பாலும் இங்கிருந்துதான் எடுக்கப்பட்டிருக்கும். மாலையில் லெ மோர்ன் கரையில் தென்கிழக்குக் காற்று வீசும்போது, பந்து அசையாமல் இருந்தும் படம் கலங்கிப்போவதற்கு இந்தக் கழுத்தின் நடுக்கம் ஒரு காரணம்.

எனக்கே இது நேர்ந்தது. பெட்டியில் பெரிய எண் பொறித்த ஒரு சிறு தலையை நம்பி, விடியுமுன் லெ மோர்னின் 556 மீட்டர் பாறையை நோக்கிக் கேமராவை நிறுத்தி, ஒவ்வொன்றும் 30 விநாடியாக வரிசையாகப் படங்கள் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், பூட்டிய பிறகும் தலை மயிரிழை மயிரிழையாக இறங்கியிருந்தது. ஒரு படம்கூடக் கூர்மையாக இல்லை. அந்த விடியலின் ஒளி திரும்ப வராது என்ற வருத்தம் இன்றும் எனக்கு இருக்கிறது. அதனால்தான், வாங்குவதற்கு முன் சோதித்துப் பாருங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

சோதனை எளிது. உங்கள் முக்காலியையும் கேமராவையும் 70-200 லென்ஸையும் கடைக்கே எடுத்துச் செல்லுங்கள். லென்ஸை 200 மில்லிமீட்டரில் வைத்து, தெருவின் மறுகோடியில் இருக்கும் ஏதேனும் ஒரு பெயர்ப்பலகையின் எழுத்தைத் திரையின் நடுவில் பெரிதாக்கிக் காட்டச் செய்யுங்கள். பூட்டும் குமிழைத் திருகிவிட்டுக் கையை எடுங்கள். எழுத்து சட்டென்று கீழே இறங்கினால் அந்தத் தலையை வைத்துப் படத்தின் எல்லையைத் துல்லியமாக அமைக்க முடியாது. சிறிதளவு இறக்கம் எல்லாத் தலைகளிலும் உண்டு. அது எவ்வளவு என்பதுதான் கேள்வி. பிறகு இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, எழுத்து அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து லென்ஸின் முனையை ஒரு விரலால் மெல்லத் தட்டி, படம் எவ்வளவு நேரம் ஆடுகிறது என்று கவனியுங்கள். இரண்டு தலைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி இதைச் செய்தால், நான் இங்கே எழுதியது எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது.

70-200 லென்ஸுக்கு முக்காலி வளையம் (லென்ஸையே தலையில் பொருத்த அதைச் சுற்றியிருக்கும் வளையம்) இருந்தால், கிளாம்ப் கவ்வும் தகடான பிளேட்டை அதிலேயே பொருத்துங்கள். வளையம் இல்லாமல் கேமராவின் அடியில் பொருத்தினால் எடை முழுவதும் முன்பக்கம் சரிந்து, எந்தச் சிறு தலைக்கும் தொல்லையாகும்.

இன்னும் சில விவரங்கள். உங்கள் முக்காலியின் கால்கள் மேல்நோக்கி மடிந்து தலையைச் சூழ்ந்துகொள்ளும் வகை என்றால், மடித்த நிலையில் கால்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். தலையின் அடிவட்டம் அதற்குள் அடங்கினாலும் குமிழ்கள் காலில் இடித்து மடிப்பைத் தடுப்பதுண்டு. முக்காலியின் தலைத்திருகு பெரும்பாலும் 3/8 அங்குலமாகவும், கேமராவுக்கான திருகு 1/4 அங்குலமாகவும் இருக்கும்; மிகச் சிறிய தலைகள் சிலவற்றின் அடியில் 1/4 அங்குலத் துளை மட்டுமே இருக்கிறது, அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். கிளாம்ப் ஆர்கா-சுவிஸ் வகையாக இருக்கட்டும். அதற்கான பிளேட்டின் அகலம் ஏறத்தாழ 38 மில்லிமீட்டர் என்றாலும், யாரும் அதைக் கண்டிப்பான தரமாக வகுக்காததால் நிறுவனத்துக்கு நிறுவனம் சிறு வேறுபாடு உண்டு. திருகு வைத்த கிளாம்ப் இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொள்ளும். நெம்புகோல் கிளாம்ப் வேகமானது, ஆனால் பிற நிறுவனத்தின் பிளேட்டை ஒருவேளை தளர்வாகப் பிடிக்கும், ஒருவேளை பிடிக்கவே மறுக்கும். முதல் தலை வாங்குகிறவர்களுக்குத் திருகையே நான் பரிந்துரைக்கிறேன். கிடைவட்டமாகச் சுழற்றுவதற்கான பூட்டு தனியாக இருக்க வேண்டும். உராய்வைக் கூட்டிக் குறைக்கும் குமிழும் தனியாக இருந்தால், பூட்டைத் தளர்த்தும் நொடியில் கேமரா தலைகுப்புறச் சாய்ந்து உங்கள் விரலை நசுக்காது. 36 மில்லிமீட்டர் தலைகளில் இது இருக்க வாய்ப்பு அதிகம்.

செங்குத்துப் படங்கள் நிறைய எடுப்பீர்களானால், கோபுரத்தைப் படமெடுப்பவர் அப்படித்தான் எடுப்பார், பணத்தில் ஒரு பங்கை எல் வடிவப் பிளேட்டுக்கு ஒதுக்குங்கள். கேமராவைப் பக்கவாட்டில் சாய்க்காமலே திருப்பிப் பொருத்தலாம். எடை பந்துக்கு நேர்மேலேயே இருக்கும். நான் மேலே கணக்கிட்ட 0.8 நியூட்டன் மீட்டர் அப்போது பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. நீங்கள் கூடுதலாகச் சுமக்கப்போகும் 180 கிராம் ஒரு கைப்பேசியின் எடை அளவுதான்.

கேள்வி (வாசகர், சென் ஆந்த்ரே, ரீயூனியன்): மஃபாத் பள்ளத்தாக்கில் மூன்று நாள் நடைப்பயணம் போக இருக்கிறோம். அங்கே சாலை கிடையாது. எல்லாவற்றையும் முதுகில்தான் சுமக்க வேண்டும். ஒவ்வொரு கிராமும் கணக்கு என்பதால் மிகச் சிறிய தலையே போதும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இரவில் நட்சத்திரங்களையும், பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலை குமுறும் காலத்தில் அதையும் எடுக்க ஆசை. தங்கள் கருத்து என்ன?

பதில்: நீங்கள் எந்தக் கேமராவைக் கொண்டுபோகிறீர்கள் என்பதைச் சொல்லவில்லை, விடை அதில்தான் இருக்கிறது. கேமராவும் அகலக்கோண லென்ஸும் சேர்ந்து 600 கிராமுக்குள் இருந்தால், 28 மில்லிமீட்டர் பந்துள்ள நல்ல தலை போதும். உங்கள் நண்பர்கள் சொல்வது சரி. எடைமையம் தாழ்வாகவும் லென்ஸ் குட்டையாகவும் இருக்கும் என்பதால் திருப்புவிசை குறைந்துவிடும். பெரிய சென்சாருள்ள முழுச்சட்டக் கேமராவும் பெரிய திறப்புள்ள லென்ஸும் என்றால், எடையைத் தலையில் குறைக்க முயலாதீர்கள். முக்காலியின் நடுத்தண்டு கழற்றக்கூடியதாக இருந்தால் அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, தலையை நேராகக் கால்களின் மேல் பொருத்துங்கள். அதனால் எடையும் குறையும், விறைப்பும் கூடும். உயர்த்திய நடுத்தண்டின் மேல் நிற்கும் சிறந்த தலையைவிடத் தண்டே இல்லாமல் நிற்கும் நடுத்தரமான தலை காற்றில் நன்றாக நிற்கும். இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

நட்சத்திரப் படங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் தீவில் தென் வான்துருவம் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 21 பாகை உயரத்தில் இருக்கிறது. அதைச் சுற்றி நட்சத்திரங்கள் வரையும் வட்டங்களை எடுக்க, கேமராவை மேல்நோக்கிச் சாய்த்து ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் வைத்திருக்க வேண்டும். ஒரு நிமிடப் படத்தில் தெரியாத இறக்கம் இங்கே வட்டங்களை உடைத்துவிடும். ஆகையால், பயணத்துக்கு முன்பே வீட்டு முற்றத்தில் ஓரிரவு முழு நேரமும் சோதித்துப் பாருங்கள். ஆர்கா-சுவிஸ் நிறுவனத்தின் மோனோபால் தலைகளில் பந்து முழு உருண்டையாக இல்லாமல் சற்றே நீள்வட்டமாக இருப்பதால், கேமரா சாயச் சாய உராய்வும் கூடுகிறது. அவை விலை மிகுந்தவை என்றாலும், இந்தத் தேவைக்கு அந்த அமைப்பு அருமையானது.

எரிமலையின் உச்சி 2,632 மீட்டர். பார்வையிடங்களும் உயரத்தில் இருப்பதால் இரவில் குளிர் கடுமையாக இருக்கும். கையுறை அணிந்த விரலால் திருக முடியாத அளவுக்குக் குமிழ் சிறியதாக இருந்தால் அந்தத் தலை அங்கே பயன்படாது. குமிழைக் கையுறையோடு பிடித்துப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி (வாசகர், ரோஸ் ஹில்): கடற்கரையில் பலமுறை பயன்படுத்திய பால்ஹெட் இப்போது கரகரவென்று சுழல்கிறது, பூட்டினாலும் வழுக்குகிறது. எண்ணெய் விடலாமா? மேலும், கடற்கழியை அகலப்படமாக எடுத்து இணைக்கும்போது அடிவானம் வளைந்து போகிறது, அதுவும் இதனால்தானா?

பதில்: பந்தில் எண்ணெய் விடவே விடாதீர்கள். பால்ஹெட் பிடிப்பதே உராய்வால்தான். எண்ணெய் அந்த உராய்வையே அழித்துவிடும், மணலையும் ஒட்டவைத்துக்கொள்ளும். கரகரப்புக்கு மணல் காரணமாக இருக்கலாம், உலர்ந்து படிகமான உப்பும் காரணமாக இருக்கலாம். பூட்டையும் உராய்வுக் குமிழையும் முழுவதும் தளர்த்தி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் பந்தைச் சுழற்றிச் சுழற்றித் துடையுங்கள்; உலர்ந்த துணியால் மீண்டும் துடைத்து, நிழலில் காயவிடுங்கள். இரண்டு மூன்று முறை செய்தும் வழுக்கினால் பந்தின் மேற்பரப்போ உள்வளையமோ கீறப்பட்டிருக்கும். தயாரித்த நிறுவனம் அனுமதிக்காத தலையை நீங்களாகப் பிரிக்காதீர்கள். உள்ளே இருக்கும் வளையங்களின் வரிசை மாறினால் பிடிப்பு திரும்பாது. இனிமேல் கடற்கரையிலிருந்து திரும்பும் அன்றே துடைத்துவிடுங்கள். லென்ஸ் மாற்றும்போது முக்காலியை மணலில் படுக்க வைக்காதீர்கள். சுழலும் அடிப்பகுதிக்குள் ஒருமுறை புகுந்த மணலை வெளியேற்றுவது கடினம்.

அடிவானம் வளைவதற்குக் காரணம் வேறு. உங்கள் தலையில் கிடைச்சுழற்சி அடிப்பகுதியில் இருக்கிறது. முக்காலியின் கால்கள் சாய்வாக நின்றால், மேலே கேமராவைப் பந்தால் எவ்வளவு நேராக்கினாலும், சுழற்றும்போது அது சாய்ந்த தளத்திலேயே சுற்றும். முதலில் கால்களைக் கூட்டிக் குறைத்து அடித்தளத்தை நீர்மட்டக் குமிழியால் நேராக்குங்கள். ஈரமணலில் அது எரிச்சல் தரும் வேலைதான். அடிக்கடி இத்தகைய படம் எடுப்பவர் என்றால், சுழற்சி பந்துக்கு மேலே இருக்கும் தலையை அடுத்த முறை வாங்குங்கள். பந்தாலேயே தளத்தை நேராக்கிவிட்டு, கால்கள் எப்படி நின்றாலும் சரியாகச் சுற்றலாம்.

கேள்வி (வாசகி, போர்ட் லூயிஸ்): தைப்பூசக் காவடி ஊர்வலத்தை இதே பால்ஹெட்டில் வீடியோ எடுக்கலாமா?

பதில்: ஒரே இடத்தில் நிலையாக வைத்து எடுப்பதற்கு மட்டும் ஆகும். நகரும் காவடியைப் பின்தொடர்ந்து கேமராவைத் திருப்பினால், பந்து எல்லாப் பக்கமும் சாயக்கூடியது என்பதால் படம் கோணலாகும். மேலும் கீழும், இடமும் வலமும் மட்டும் அசையும் ஃப்ளூயிட் ஹெட்டே அதற்கு வேண்டும். வெறுங்காலோடு நடந்து வரும் பக்தர்களின் நெரிசலில் முக்காலியின் மூன்று கால்களைப் பரப்பி வைப்பது அவர்களுக்கு ஆபத்து. ஒற்றைக்காலி ஒன்றில் சிறிய சாய்வுத் தலையைப் பொருத்தி, பாதையின் ஓரமாக நின்று எடுங்கள்.