நாலு பேரில் ஒருவர்

அன்புள்ள சார்,

வணக்கம். உங்கள் கட்டுரைகளைச் சில வருடங்களாகப் படித்துவருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

எங்கள் அலுவலகத்தில் என்னோடு சேர்த்துப் பதினோரு பேர் கொண்ட ஒரு குழு. போன வருடம் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தார். அதிகம் பேசமாட்டார், எங்கள் அரட்டையில் கலந்துகொள்ளமாட்டார். ஆனால் கூட்டங்களில் மனதில் பட்டதை நேராகக் கேட்பார். முதல் மாதத்திலேயே யாரோ அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். அப்புறம் அவர் வாயைத் திறந்தாலே ஒரு சிரிப்பு. அவர் மட்டும் இல்லாமல் ஒரு வாட்ஸாப் குழு. இடைவேளையில் அவர் வந்து நின்றால் பேச்சு நின்றுவிடும். நானும் சிரித்தேன். அவர் சொல்வதுதான் சரி என்று எனக்குத் தெரிந்த இடத்திலும் தலையைக் குனிந்துகொண்டேன். எட்டு மாதத்தில் வேலையை விட்டுவிட்டார். கடைசி நாள் என் மேஜைக்கு வந்து "போய்ட்டு வரேன்" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நாலு பேர் என்ன சொல்வாங்க" என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தார்கள். நான் இப்படி ஆனதற்கு அந்த வளர்ப்பு காரணமா, இல்லை என் சுபாவமே இதுதானா? கூட்டத்தோடு போகிறவன் கோழைதானா? எனக்கு ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளை எப்படி வளர்ப்பது? அந்தப் பெண்ணுக்கு இப்போது நான் எழுதலாமா, அல்லது அது அவருக்கு இன்னொரு தொந்தரவா?

பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வாசகர்

* * *

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுத முடியவில்லை. அந்தக் கடைசி நாள் காட்சி மனதை விட்டுப் போகவில்லை.

சுபாவமா வளர்ப்பா என்று கேட்கிறீர்கள். இந்த விஷயத்தில் இரண்டையும் பிரிப்பது கஷ்டம். அடுத்தவரைப் பார்த்து அப்படியே செய்வது மனிதக் குழந்தையின் சுபாவம். எதைப் பார்த்துச் செய்கிறது என்பது வளர்ப்பு. 2005இல் விக்டோரியா ஹார்னர், ஆண்ட்ரூ வைட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பரிசு வைத்த ஒரு பெட்டியைச் சிம்பன்சிகளுக்கும் மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கும் திறந்து காட்டினார்கள். திறக்கும்போது வேண்டுமென்றே சில வீண் வேலைகளையும் செய்தார்கள். மேலே இருந்த ஓட்டையில் குச்சியை விட்டுக் குத்துவது அதில் ஒன்று. பெட்டி உள்ளே தெரிகிற மாதிரி இருந்தபோது, அந்தக் குத்தலால் ஒன்றுமே நடக்கவில்லை என்பது பளிச்சென்று தெரிந்தது. சிம்பன்சிகள் அதை விட்டுவிட்டு நேரே பரிசை எடுத்தன. குழந்தைகள் குத்திவிட்டுத்தான் எடுத்தார்கள்.

இதைக் கேட்டால் சிம்பன்சிதான் கெட்டிக்காரன் என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் எதற்கு என்று புரிவதற்கு முன்பே பெரியவர்கள் செய்வதைச் செய்துவிடுகிற இந்தக் குணம் இல்லாவிட்டால் நமக்கு மொழியே கிடைத்திருக்காது. பேச்சும் எழுத்தும் எண்ணும் இந்த வாசல் வழியாகத்தான் வந்தன. யாரைப் பார்த்துச் சிரிப்பது, எப்போது தலையைக் குனிவது என்பதும் அதே வாசல் வழியாகத்தான் வந்தது.

இன்னொன்றும் உண்டு. இது இன்னும் கொஞ்சம் சங்கடமானது. குழந்தைகள் விதியைப் பின்பற்றுவதோடு நிற்பதில்லை. அடுத்தவரைப் பின்பற்ற வைக்கிறார்கள். ஹான்னஸ் ராக்கோட்சியும் மைக்கேல் டோமசெல்லோவும் அவர்களோடு சேர்ந்தவர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதுக் குழந்தைகளுக்கு ஒரு புது விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு ஒரு கைப்பொம்மை வந்து அதை வேறு மாதிரி ஆடியது. அப்படி ஆடக் கூடாது என்று குழந்தைகள் அதைத் தடுத்தார்கள். அந்த விளையாட்டே அவர்களுக்குச் சற்று முன்புதான் தெரியவந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். நான் பிறவியிலேயே இடது கைக்காரன். மனிதர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அப்படித்தான். முதல் வகுப்பில் டீச்சர் என் இடது கையிலிருந்து பென்சிலை எடுத்து வலது கையில் கொடுத்தார். அவர் அப்படிச் செய்தது மொத்தமே இரண்டு மூன்று தடவைதான். மற்றதையெல்லாம் செய்தது வகுப்பு. நான் கை மாற்றினால் போதும், பக்கத்தில் இருப்பவன் எழுந்து "டீச்சர், இவன் இந்தக் கையில எழுதறான்" என்பான். வருடம் முடிவதற்குள் நான் வலது கைக்கு வந்துவிட்டேன். இன்றும் பந்தை இடது கையால்தான் எறிவேன், எழுதுவது வலது கையால். ஆனால் எனக்கு உறுத்துவது அது இல்லை. அடுத்த வருடம் புதிதாக வந்த ஒரு சிறுவன் இடது கையில் எழுதினான். எழுந்து நின்று சொன்னது நான்தான். என்னை யாரும் சொல்லச் சொல்லவில்லை.

நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பயந்து வளர்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நாலு பேர் எங்கோ வெளியே இருப்பதாகத்தான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். உங்கள் அலுவலகத்தில் மற்ற ஒவ்வொருவருக்கும் அந்த நாலு பேரில் ஒருவராக நீங்கள் இருந்தீர்கள். நான் சொல்ல வருவது இதைத்தான்.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் செய்த சோதனையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று கோடுகள். அதே நீளம் எது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தனியாக உட்கார்ந்து செய்தவர்கள் நூற்றுக்கு ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஆனால் கூட்டமாக உட்காரவைத்தபோது, அறையில் இருந்த மற்ற எல்லோரும் ஆஷ் முன்பே சொல்லிவைத்த ஆட்கள். 18 சுற்றுகளில் 12இல் ஒரே தவறான பதிலைச் சத்தமாகச் சொன்னார்கள். அப்போது நிஜமாகச் சோதனைக்கு வந்தவரின் பதில்களில் ஏறக்குறைய 37 சதவீதம் கூட்டத்தின் தவறோடு போனது. நான்கில் மூன்று பேர் ஒரு முறையாவது அப்படிப் போனார்கள். கடைசிவரை அசையாதவர்கள் நான்கில் ஒருவர். அவர்களுக்கும் உள்ளுக்குள் நிம்மதி இல்லை என்பதை ஆஷ் கவனித்திருக்கிறார்.

இந்தச் சோதனையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு அடுத்தது. ஆஷ் எதிர்த்தரப்பு ஆட்களின் எண்ணிக்கையை மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒருவர் மட்டும் மாறாகச் சொன்னால் யாரும் பெரிதாக அசையவில்லை. இருவர் சொன்னால் தவறுகள் 13.6 சதவீதம். மூவர் சொன்னால் 31.8. அதற்கு மேல் ஆளைக் கூட்டிக்கொண்டே போனாலும் பெரிய மாற்றமில்லை. ஊர் முழுக்கத் தேவைப்படவில்லை. மூன்று நான்கு பேர் போதுமாக இருந்தது. "நாலு பேர்" என்று சொல்லிவைத்தவர்கள் எண்ணிப் பார்த்தா சொன்னார்கள் என்று எனக்கு இன்றும் வியப்பு.

சரி, அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் உண்மையைச் சொன்னால்? தவறுகள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. அந்த ஒருவர் சரியாகச் சொல்லக்கூட வேண்டாம். கூட்டத்தைவிட மோசமான இன்னொரு தவறைச் சொன்னபோதும், சோதனைக்கு வந்தவர் தன் கண்ணை நம்பிப் பேசத் தொடங்கினார். ஆள் கணக்கைவிட, எல்லோரும் ஒன்றாகச் சொல்கிறார்கள் என்ற அந்த ஒருமைக்குத்தான் பலம் அதிகம். ஒரு கீறல் விழுந்தால் அது போய்விடுகிறது.

அந்தப் பெண் கூட்டத்தில் பேசியபோது உங்கள் மனதில் இருந்தது அவர் பக்கம். ஆனால் அறையில் அது யாருக்கும் தெரியவில்லை. சும்மா இருந்தவரையும் கூட்டம் தன் கணக்கில்தான் எழுதிக்கொள்ளும்.

மற்ற ஒன்பது பேரும் ஒரே மனதாக இருந்தார்கள் என்றும் நினைக்காதீர்கள். 1968இல் பிப் லாட்டனே, ஜான் டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள், ஆட்கள் உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கொண்டிருந்த அறைக்குள் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். அசையாமல் உட்கார்ந்திருக்கச் சொல்லிவைத்த இருவர் பக்கத்தில் இருந்தபோது 10 சதவீதம்தான். விஷயம் தெரியாத மூன்று பேரைச் சேர்த்து உட்காரவைத்தாலும், பாதிக்கும் குறைவான குழுக்களில்தான் யாராவது ஒருவர் எழுந்தார். ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்கிறார். அங்கே தெரிகிற அமைதியோ, இவர் முகத்தைப் பார்த்து அவர் வரவழைத்துக்கொண்டது. உங்கள் குழுவிலும் உங்களைப் போல வீட்டுக்குப் போய்த் தூக்கம் வராமல் கிடந்தவர்கள் இரண்டு பேராவது இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

அவர் செய்த குற்றம்தான் என்ன? கூட்டத்தில் கேள்வி கேட்டார். கேட்கக் கூடாது என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. ஹாவர்ட் பெக்கர் என்ற சமூகவியலாளர் 1963இல் அழுத்திச் சொன்ன ஒன்று உண்டு: பிறழ்வு, அதாவது வழக்கத்தை மீறுவது, என்பது ஒரு செயலுக்குள் இருக்கிற குணம் கிடையாது, மற்றவர்கள் அந்தச் செயலுக்கு ஒட்டுகிற பெயர். பெயர் ஒட்டிவிட்டால் அப்புறம் எல்லாம் அதற்குச் சாட்சியாகிவிடும். பேசாமல் இருந்தால் திமிர், பேசினால் தொல்லை. எமில் துர்கெய்ம் என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர் 1895லேயே எழுதினார்: துறவிகள் மட்டுமே வாழும் ஒரு சமூகத்தை எடுத்துக்கொண்டாலும், அங்கே சாதாரண மனிதருக்கு அற்பமாகத் தெரிகிற பிழை பெருங்குற்றமாகப் பார்க்கப்படும். ஒருவரைத் தள்ளிவைக்கும்போது மற்றவர்களுக்குள் நெருக்கம் கூடுகிறது என்பதையும் அவர் பார்த்திருந்தார். உங்கள் வாட்ஸாப் குழுவில் இருந்த அந்த நெருக்கம் எதனால் வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

ஒத்துப்போவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. சிவப்பு விளக்கில் எல்லோரும் நிற்பதால்தான் நாம் உயிரோடு வீடு வந்து சேர்கிறோம். வரிசையில் நிற்பதும் கை கழுவுவதும் ஒத்துப்போவதுதான். அதற்கு நேர்மாறாக, எல்லா மீறலும் வீரம் என்று கொண்டாடுகிறவர்களிடமும் எனக்கு உடன்பாடில்லை.

கோழையா என்று கேட்டீர்கள். அந்தச் சொல் உங்களுக்கு உதவாது. கோழை என்று முத்திரை குத்திக்கொண்டால், அடுத்த முறையும் "நான் அப்படித்தான்" என்று சொல்லித் தப்பித்துவிடலாம். ஆஷின் அறையில் ஒத்துப்போனவர்கள் பயந்தாங்கொள்ளிகளாகப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் அல்லர், சாதாரண மாணவர்கள். அதற்காக உங்கள் மேல் பொறுப்பே இல்லை என்றும் ஆகிவிடாது. எட்டு மாதம் நீங்கள் சிரித்திருக்கிறீர்கள்.

ஆனால் கடைசி நாளில் ஏன் முகத்தைப் பார்க்க முடியவில்லை? அதையும் யாரோ சொல்லிக்கொடுத்துத்தான் உங்களுக்குள் வந்தது. "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்ற வீட்டிலேயே "யாரையும் அழ வைக்காதே" என்றும் யாராவது சொல்லியிருப்பார்கள். வளர்ப்பு ஒரே குரலில் பேசுவதில்லை. உங்களுக்குள் இரண்டு குரல் மோதின; பக்கத்தில் ஆள் இருந்த குரல் ஜெயித்தது. உங்கள் பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மற்றது ஜெயித்திருக்கக்கூடும். அவரும் உங்களைப் பற்றி இதையே நினைத்திருக்கலாம்.

மகளைப் பற்றி. கூட்டத்தை எதிர்த்து நில் என்று ஆறு வயதுக் குழந்தையிடம் சொல்லாதீர்கள். அது அவளால் தூக்க முடியாத சுமை. வகுப்பில் யாராவது தனியாக உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் போய் உட்கார் என்று சொல்லுங்கள். அது அவளால் முடியும். "எல்லாரும் சிரிச்சாங்க" என்று வந்து சொன்னால், சிரிக்காதவர்கள் யாராவது இருந்தார்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒருவர் இருந்திருப்பார். அவளுக்கே அப்போதுதான் நினைவு வரும். வீட்டில் உங்களோடு அவள் வாதாடினால், தண்டனை இல்லாமல் வாதாட விடுங்கள். அப்பாவிடம் மறுத்துப் பேசியே பழகாத பிள்ளைக்கு மற்றவர்கள் முன் அந்தப் பேச்சு எங்கிருந்து வரும்?

அவருக்கு எழுதலாமா என்றால், எழுதுங்கள். உங்கள் மனம் லேசாக வேண்டும் என்பதற்காக எழுதாதீர்கள். மன்னிப்புத் தாருங்கள் என்று கேட்காதீர்கள், பதிலும் எதிர்பார்க்காதீர்கள். வளர்ப்பு, நாலு பேர், இந்தச் சோதனைகள் எதுவும் அதில் வேண்டாம். ஆஷின் அறையில் சிலர் கடைசியில் தங்கள் கண்ணையே சந்தேகிக்க ஆரம்பித்தார்கள். எட்டு மாதம் பத்துப் பேருக்கு நடுவே இருந்தவருக்கும் அந்தச் சந்தேகம் வந்திருக்கலாம். நீங்கள் பார்த்தது சரிதான், எனக்கும் அன்றே தெரியும், நான் சொல்லவில்லை, அது தப்பு. நாலு வரி போதும். அவர் கேட்ட கேள்விகளில் ஏதாவது ஒன்று உங்களுக்கு நினைவிருந்தால், எந்தக் கூட்டம், என்ன கேள்வி என்று அதை முதல் வரியில் எழுதுங்கள்.

அன்புடன்.