நாலு சிஸ்டத்துல ஒண்ணு மட்டும் லேன்ல வரல, நெட்வொர்க் கார்டு போயிருக்குமா?

குளச்சல்ல கடலோரக் கடை, நாலுல ஒரு சிஸ்டத்துக்கு மட்டும் நெட்டும் இல்ல பிரிண்டரும் இல்ல, 127.0.0.1-க்கு பிங் (பதில் வருதான்னு பாக்க அனுப்புற சோதனை) போவுது, புது கார்டு வாங்கட்டுமான்னு கேட்டிருக்கீங்க. இப்போ வாங்காதீங்கண்ணே. நான் தக்கலையில சர்வீஸ் பாக்கேன், கார்டு நல்லா இருக்கும்போதே ஆளுங்க மாத்திட்டு வந்து நிக்கிறத பாத்தா மனசு கஷ்டமா இருக்கும்.

அந்த 127.0.0.1 பிங் விண்டோஸுக்குள்ளயே சுத்தி வந்துரும், கார்டையே தொடாது, அத வச்சி ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. மொதல்ல டிவைஸ் மேனேஜர்ல கார்டு டிசேபிள் ஆகி கிடக்கான்னு பாத்துக்கிடுங்க, பொறவு பக்கத்து சிஸ்டத்துல ஓடிக்கிட்டிருக்க வயர அப்படியே புடுங்கி இதுல சொருகுங்க, எல்லா வயரும் போய்ச் சேர்ற ஸ்விட்ச் பெட்டி பக்கத்து முனைய தொடாதீங்க. வயர் சொருகுற இடத்து லைட் எரிஞ்சி நெட் வந்துட்டா கார்டு மேல குத்தமே இல்ல, குத்தம் பழைய வயர்லயோ ஸ்விட்ச் போர்ட்லயோதான்.

லைட் எரியுது ஆனா நெட் இல்லன்னா கமாண்ட் பிராம்ப்ட்ல ஐபிகான்ஃபிக் (ipconfig) அடிங்க. 169.254-ல ஆரம்பிச்சா ரூட்டர்கிட்ட இருந்து ஐபி (நெட்வொர்க்ல சிஸ்டத்துக்குள்ள நம்பர்) கிடைக்கலன்னு அர்த்தம். கையால ஒரு ஐபி போட்டு ரூட்டருக்கு பிங் பண்ணுங்க, பக்கத்து சிஸ்டத்துக்கு பண்ணாதீங்க, அங்க ஃபயர்வால் தடுத்தாலும் பதில் வராது.

எனக்கு சந்தேகம் வயர் முனையிலதான். உப்புக்காத்துல முனையில இருக்க ஆர்ஜே45 கிளிப்புக்குள்ள செம்புக் கம்பி பச்சை பூத்துரும், நம்ம கடற்கரை ஊர்கள்ல இது எப்பவும் பாக்கிறதுதான். கிகாபிட்டுக்கு 8 கம்பியும் வேணும், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 போதும், அதனால மத்த மூணுலயும் 1 ஜிபிபிஎஸ் காட்டி இதுல மட்டும் 100 காட்டினாலோ, லைட் வந்து வந்து போனாலோ, ரெண்டு முனையையும் வெட்டிட்டு புது கிளிப் வச்சி கிரிம்ப் பண்ணுங்க (கருவியால அழுத்தி மாட்டுங்க), செலவு ரொம்ப கம்மி.

கார்டு நெசமாவே போறது இடி மின்னல்லதான் அதிகம். ஐப்பசி மாசம் சாயங்காலம் இடி கேட்டா கரண்ட் பிளக்க மட்டும் எடுத்தா பத்தாது, லேன் வயரயும் கழட்டுங்க, அது வழியாவும் ஏறும்.

நல்ல வயர்லயும் லைட் வரல, டிரைவர் திரும்ப போட்டும் அசையலன்னா மட்டும் கார்ட மாத்துங்க. போர்டோட வந்த கார்டுன்னா பயாஸ்ல (சிஸ்டம் ஆன் ஆகும்போதே போற செட்டிங்) அத ஆஃப் பண்ணிட்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு ஒண்ணு போட்டா போதும். யூஎஸ்பி லேன் வாங்கினா 3.0 போர்ட்ல சொருகுங்க, 2.0-ல மொத்தமே 480 எம்பிபிஎஸ்தான், கிகாபிட் முழுசா கிடைக்காது.