ப்ரூட் ஐபிஏ பீர் வந்த வேகத்தில் ஏன் மறைந்தது?

குடிப்பவர்களுக்கு அது சலித்துப்போனதுதான் காரணம் என்பேன். ஐபிஏ என்பது ஹாப்ஸ் பூவின் கசப்பும் வாசனையும் தூக்கலான பீர்; அதில் ப்ரூட் 2017இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த வகை. சாதாரண பீரில் ஈஸ்ட்டால் உடைக்க முடியாத மாவுச்சத்துத் துணுக்குகள் கொஞ்சம் மிஞ்சும். நாக்கில் படியும் கனத்தில் ஒரு பங்கு அவற்றால் வருவது. ப்ரூட்டில் ஒரு நொதியைச் சேர்த்து அவற்றையும் சர்க்கரையாக்கி ஈஸ்ட்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். துளி இனிப்பில்லாத ஷாம்பெயின் போன்ற சுவை. முதல் கோப்பை வியக்க வைத்தது, இரண்டாவதுக்கு ஆளில்லை. ஓரிரு ஆண்டுகளில் அலை ஓய்ந்துவிட்டது.

கலங்கலான ஐபிஏ மட்டும் நிலைத்துவிட்டது. ஓட்ஸ் தரும் வழவழப்பு, குறைந்த கசப்பு, மாம்பழ வாசனை, யாருக்குத்தான் பிடிக்காது? 2018இல் அமெரிக்க பீர் தயாரிப்பாளர் சங்கமே அதைத் தனி வகையாக ஏற்றுக்கொண்டது.

ஆனால் நம் டர்பன் நகர வெயிலுக்கு அது ஆகாது. சாட்ஸ்வர்த்தில் மாமா போன தீபாவளிக்கு ஒரு டின்னைத் திறந்தார். இரண்டு மாதம் கார் கொட்டகையில் கிடந்தது. மாம்பழம் போய், நனைந்த அட்டைப்பெட்டி வாசனை அடித்தது. வாழைமரத்தடியில் ஊற்றிவிட்டு, குடைந்த ரொட்டிக்குள் ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றிய ‘பன்னி சௌ’வுக்கு வழக்கமான லாகர் பீரையே எடுத்துக்கொண்டார்.