வாங்கும் முன் கேளுங்கள்: நாயின் பொம்மையும் கடையின் பில்லும்

கேள்வி: தெருவில் அடிபட்டுக் கிடந்த நாயை எடுத்து மூன்று மாதமாக வளர்க்கிறோம். ஏற்கெனவே வீட்டில் இரண்டு நாய்கள். புதியது ஒரு துணி முயலை வாயை விட்டு இறக்குவதே இல்லை. மற்றவை கிட்டே போனால் உறுமுகிறது. பொம்மையைத் தூக்கிப் போடச் சொல்கிறார் கணவர். உறுமினால் ஷாக் அடிக்கும் கழுத்துப்பட்டை 2,400 ரூபாய்க்குக் கிடைக்கிறதாம். வாங்கலாமா?
– வாசகி, சேலம்

பதில்: வாங்காதீர்கள். "கிட்டே வராதே" என்று அந்த நாய் முன்கூட்டியே சொல்வதுதான் உறுமல். அதை அடக்கிவிட்டால் அடுத்த முறை சொல்லாமலே கடிக்கும்.

பொம்மையையும் தூக்கிப் போடாதீர்கள். தெருவில் கிடைத்ததை அந்த நிமிடமே தின்றாக வேண்டும், இல்லையென்றால் இன்னொன்று பிடுங்கிக்கொண்டு போய்விடும். அப்படி வாழ்ந்த உயிருக்குத் தனக்கென்று இப்போதுதான் ஒன்று கிடைத்திருக்கிறது. எங்கள் வீட்டுச் செவலையும் அப்படி வந்தவள்தான். அவளுக்கு ஒரு துணி யானை. தும்பிக்கை நுனியைச் சப்பிக்கொண்டே தூங்குவாள். குட்டி பால் குடிக்கும்போது செய்கிற மாதிரி முன்னங்கால் இரண்டும் அதை மாறி மாறி அமுக்கும். நாற்றம் தாங்காமல் ஒருநாள் துவைத்துக் காயப்போட்டேன். சாயங்காலம்வரை கொடிக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தாள், சோற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் அதே முயலில் இன்னும் இரண்டு வாங்குங்கள். பழையதோடு சில நாள் சேர்த்துப் போட்டு வைத்தால் வாசனை ஏறிவிடும், ஒன்றைத் துவைக்கும்போது இன்னொன்றைக் கொடுக்கலாம். அப்புறம், குழந்தைகள் வெளியே போகாமல் இருக்க வாசலில் மாட்டுவார்களே, அந்தத் தடுப்புக் கதவு ஒன்று. அது உழைக்கும். சாப்பாட்டு நேரத்தில் புதிய நாயும் முயலும் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும்.

பொம்மையை நாயிடமிருந்து வாங்க வேண்டியிருந்தால் கையால் பிடுங்கக் கூடாது. மற்ற நாய்கள் பக்கத்தில் இல்லாதபோது வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைக் காட்டுங்கள். முயலைக் கீழே போட்டதும் துண்டைக் கொடுத்து, முயலையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விட்டுக் கொடுத்தாலும் திரும்பி வரும் என்று அதற்குப் புரிய வேண்டும். அடிபட்ட நாய் என்கிறீர்கள், எங்காவது வலி மிச்சமிருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வலி இருக்கும் நாய் கூடுதலாகவே உறுமும்.

கேள்வி: மூன்று நாய்களுக்கு எத்தனை பொம்மை வாங்குவது?
– வாசகர், கரூர்

பதில்: நான்கு. எல்லாம் ஒரே மாதிரி.

கேள்வி: எவ்வளவு கடித்தாலும் உடையாது என்று போட்டிருந்த ரப்பர் எலும்பை ஆன்லைனில் 1,199 ரூபாய்க்கு வாங்கினேன். என் நாய் இருபது நிமிடத்தில் மூன்று துண்டாக்கிவிட்டது. பிரித்துப் பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.
– வாசகி, திருச்சி

பதில்: இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு வெறுத்துவிட்டது. பிரிக்காமல், நாய் கடிக்காமல், உடையுமா உடையாதா என்று எப்படித் தெரியும்?

குழந்தைகள் பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். நாய்ப் பொம்மைக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. அதனால் யாரும் என்ன வேண்டுமானாலும் எழுதி விற்கிறார்கள். ஆனால் அவர்கள் எழுதியதே அவர்களைக் கட்டுப்படுத்தும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் குறைபாடு என்பதற்குள், விற்பவர் தானே சொன்ன தரம் பொருளில் இல்லாததும் அடங்கும். குறைபாடுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது அதே சட்டம். "உடையாது" என்று நீங்கள் சொல்லவில்லை, அவர்கள் சொன்னார்கள். அந்தப் பக்கத்தை இப்போதே படம் பிடித்து வையுங்கள், நாளைக்கு வரியை மாற்றிவிடுவார்கள். மூன்று துண்டையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் போட வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். அதற்கும் அசையவில்லையா? 1915-க்குப் பேசுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்வரை கட்டணமே கிடையாது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு வருடம் அவகாசம் உண்டு. 1,199 ரூபாய்க்காகவா என்று யாராவது கேட்டால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இப்படி ஆளுக்கொரு தொகையை விட்டுவிடுவதில்தான் அவர்கள் பிழைப்பே ஓடுகிறது.

கேள்வி: டென்னிஸ் பந்து கொடுக்கலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: எறிந்து விளையாடலாம், மென்று கொண்டிருக்க விடாதீர்கள்; மேலிருக்கும் நார் பல்லைத் தேய்த்துவிடும்.

கேள்வி: சாலையோரக் கடையில் 60 ரூபாய்க்குக் கயிற்றுப் பொம்மை வாங்கி, இரண்டு நாய்களிடமும் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் பாதிக் கயிறு இல்லை. பில் இல்லை. கடை இப்போது அங்கே இல்லை. யார்மேல் புகார் கொடுப்பது?
– வாசகர், ஈரோடு

பதில்: புகாரை விடுங்கள், நாயை மருத்துவரிடம் கொண்டு போனீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி அறுத்துவிடும். வாந்தி, சாப்பிடாமை என்று ஆரம்பிக்கும். மலத்துவாரத்தில் நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது. இதைப் படிக்கும் இந்த நிமிடமே கிளம்புங்கள்.

கயிறு நீங்கள் ஒரு முனையைப் பிடித்து விளையாடுவதற்கு, தனியாக விட்டுப் போவதற்கு அல்ல. அதுவும் இரண்டு நாய்களுக்கு நடுவில் ஒரே ஒரு பொம்மை! பிடுங்கிக்கொண்டுவிடுமோ என்ற பயத்திலேயே அவசரமாக விழுங்கும். நானும் ஒரு பொருட்காட்சியில் பத்துப் பொம்மை 500 ரூபாய் என்று பில் இல்லாமல் வாங்கினேன். முதல் நாளே ஒன்றின் வயிற்றைக் கிழித்து உள்ளே இருந்த பீப்பியைச் செவலை விழுங்கிவிட்டாள். ஸ்கேன், மருந்து எல்லாம் சேர்த்து 3,800 ரூபாய். இரண்டு ராத்திரி நான் தூங்கவில்லை.

கேள்வி: உள்ளே தீனி அடைக்கும் ரப்பர் பொம்மை விலை அதிகமாக இருக்கிறதே?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: இது ஒன்றுக்கு அந்த விலையைக் கொடுக்கலாம். கட்டைவிரல் நகத்தால் அமுக்கிப் பாருங்கள், கொஞ்சமாவது அமுங்க வேண்டும். அமுங்காத பொருள் பல்லை உடைக்கும். தயிர் சாதத்தை அடைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் அரை மணி நேரம் நக்கிக்கொண்டிருக்கும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் எதுவும் உள்ளே போகக் கூடாது. ஒன்றுக்கு மேல் நாய் இருந்தால் ஆளுக்கொரு அறை.

கேள்வி: மீட்ட நாயைத் தத்துக் கொடுப்பதாக இணையத்தில் ஒரு விளம்பரம். பழைய கரடி பொம்மையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்த படம். "பொம்மையில்லாமல் தூங்காது, அதையும் சேர்த்து அனுப்புகிறோம்" என்றார்கள். வண்டிச் செலவு என்று 4,500 ரூபாய், அப்புறம் கூண்டுக்கு என்று 3,000 ரூபாய் அனுப்பினேன். எண் அணைந்துவிட்டது. எனக்கு 67 வயது. பிள்ளைகளிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.
– வாசகி, தாம்பரம்

பதில்: அம்மா, கூச்சப்பட வேண்டியது நீங்கள் இல்லை. ஒரு வாயில்லா ஜீவனுக்கு இடம் கொடுக்க நினைத்தீர்கள், அந்த மனசைப் பார்த்துத்தான் அவர்கள் பொம்மையைக் காட்டினார்கள். இன்றே 1930-க்குப் பேசுங்கள், அது இணையப் பண மோசடிக்கான எண். பணம் போன கணக்கை எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு அதை முடக்க வாய்ப்பு உண்டு. உங்கள் வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். பிள்ளைகளில் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

நாய் வளர்க்கும் ஆசையை விட்டுவிடாதீர்கள். சென்னையில் ப்ளூ கிராஸ் போன்ற காப்பகத்துக்கு நேரில் போய், பார்த்து, தொட்டுப் பழகி எடுத்து வாருங்கள். அந்தக் கரடி பொம்மைப் படத்தையும் அவர்கள் அனுப்பிய செய்திகளையும் பார்க்கப் பார்க்க மனசு வலிக்கும், ஆனாலும் அழித்துவிடாதீர்கள். புகாரோடு சேர்க்க வேண்டும்.